தங்கவயல்: வட ஆர்க்காடு கட்டிய ஊர்

பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பங்காருப்பேட்டை ஜங்ஷனில் கிளைப் பாதை பிரியும். அதில் போனால் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்து மாரிகுப்பத்தில் தண்டவாளம் முடிந்துவிடும். வழியெல்லாம் யானை படுத்தாற்போல் பாறைக் குன்றுகள், ஏரிக்கரைகள், ராகிக் கொல்லைகள், மாந்தோப்புகள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரம் என்பதால் சித்திரை மாதத்திலும் மாலைக் காற்று இதமாகவே இருக்கும். இங்கு வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். ஓட்டுக் கூரை பங்களாக்களும் கிளப்பும் அவர்களுடைய அடையாளங்கள். ஊரைச் சுற்றி உச்சி தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் சில குன்றுகள் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் "இதென்ன மணல் மலையா?" என்று கேட்பார்கள். அவை இயற்கை மலைகள் அல்ல. பூமிக்கு அடியிலிருந்து எடுத்து, மாவாக அரைத்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கல்மாவு. ஊர் மக்கள் அவற்றைச் சயனைடு மலை என்கிறார்கள்.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் மலர்களில் கோலார் புதிய பெயரன்று. சோழர் ஆட்சி, கோலாரம்மா கோயில், தமிழ்க் கல்வெட்டு என்று அறிஞர்கள் எழுதியதைப் படித்திருப்பீர்கள். நானும் அதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே செல்வேன். ஆனால் இக்கட்டுரையின் பொருள் வேறு. கல்வெட்டில் பெயர் இல்லாத தமிழர்கள், நூற்றிருபது ஆண்டுகள் பாறைக்குள் இறங்கி ஏறிய தமிழர்கள், அவர்களைப் பற்றியது இது.

குவளாலபுரம்

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். மேலைக் கங்கர்களின் தொடக்ககாலத் தலைநகரம் இது. பின்னர் அவர்கள் தலைநகரைக் காவிரிக்கரைத் தழைக்காட்டுக்கு மாற்றிக்கொண்டாலும், 'குவளாலபுரத்துக்கு இறைவர்' என்ற பட்டத்தை விடவில்லை. கங்கர்கள் சமண சமயத்தைப் போற்றி வளர்த்தவர்கள். பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கங்கநாட்டை வென்றார்கள். கோலார்ப் பகுதி நிகரிலிச் சோழமண்டலம் ஆயிற்று. கோலாரம்மா கோயில் கற்களில் இராசேந்திரன் காலத் தமிழ் இன்றும் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பள்ளியில் நம்மைப் படாதபாடு படுத்திய நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். அவரை ஆதரித்து அந்நூலை எழுதச் செய்தவன் சீயகங்கன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்களின் கீழிருந்த சிற்றரசன். அவனும் குவளாலபுரப் பட்டத்தைத் தாங்கிய கங்கர் குலத்தவன். ஆக, தமிழ் இலக்கணத்துக்கும் இந்த மண்ணுக்கும் எண்ணூறு வருடப் பழக்கம். தமிழ்ச் சமணன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதை மறைப்பானேன்?

வாரன் பார்த்ததும் லாவெல் கேட்டதும்

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், மைசூர் எல்லையை அளக்க 1802இல் வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. விவரம் சொல்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். அடியில் பொன்துகள் தங்கியது. உரிகம், மாரிகுப்பம் பக்கத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லெடுப்பதையும் அவர் கண்டு எழுதிவைத்தார்.

'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தங்கம்' என்று இன்றும் சொல்லுகிறார்கள். வாரனின் குறிப்பே அதை மறுக்கிறது. கண்டுபிடித்தவர்கள் மண் கழுவிய எளிய மக்கள். அதைக் காகிதத்தில் ஏற்றியவர் வாரன். யார் எழுதிவைக்கிறார்களோ அவர்கள் பேரில் சரித்திரம் பதிவாகிவிடுகிறது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுபது வருடம் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர் மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர் தண்டில் வந்து தங்கியவர். பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்த லாவெல் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. 1870களின் நடுவில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். கைப்பணம் போதாமல் உரிமையைப் பிறருக்கு மாற்றிக்கொடுத்தார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. முதல் சில ஆண்டுகள் நட்டம்தான். மைசூர் மைன் கம்பெனியின் முதல் கரைந்துபோகும் தறுவாயில்தான் 'சாம்பியன் லோடு' என்ற செழிப்பான பொன்படிவம் அகப்பட்டது. அதற்கு வழிகாட்டியதும் பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளே.

பஞ்சமும் பாலாறும்

இனி நம் கதைக்கு வருவோம். பாறை உடைக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். எங்கிருந்து வந்தார்கள்?

என் சொந்த ஊர் வட ஆர்க்காடு, ஆரணிப் பக்கம். அரிசி வியாபாரம். 1980களில் பெங்களூர் மண்டியிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைகளுக்கு மூட்டை அனுப்பிவிட்டு, மாதம் ஒரு தடவை வசூலுக்குப் போவேன். அந்தக் கடை வாசல்களில் காதில் விழுந்த தமிழ் எனக்கு அந்நியமாக இல்லை. "இன்னாங்க", "வந்துக்கினு" என்று எங்கள் மாவட்டத்துப் பேச்சு. விசாரித்தால் ஒருவருக்குக் குடியாத்தம், ஒருவருக்கு ஆம்பூர், இன்னொருவருக்குத் திருப்பத்தூர். சேலம், தருமபுரிக்காரர்களும் உண்டு. சித்தூர்த் தெலுங்கர்களும் உண்டு. அந்தச் சித்தூரும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தோடு சேர்ந்ததுதான்.

காலத்தைப் பொருத்திப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் இலட்சக்கணக்கில் செத்தார்கள். வட ஆர்க்காடும் சேலமும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்கள். நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு, அதிலும் சேரியில் ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு, ஊரில் ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. பஞ்சம் ஓய்ந்த இரண்டே வருடத்தில் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைக்கிறது. ஆள்கட்டும் மேஸ்திரிகள் ஊர் ஊராக வருகிறார்கள். கால்நடையாகவும் வண்டியிலும் மலையேறி மேட்டுக்குப் போனார்கள் நம் மக்கள். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) சுரங்கத்துக்கு ரயில் வந்தது. போனவன் தன் தம்பியை அழைத்தான், தம்பி மச்சானை அழைத்தான். இப்படித்தான் ஊர் உண்டாயிற்று.

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்டத்தின் பேத்தமங்கலம் வழியாக வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று எங்கள் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் போனதும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான். தண்ணீர் கீழே இறங்கிய வழியில் மக்கள் மேலே ஏறினார்கள்.

ஒரு பவுனின் கணக்கு

நான் வியாபாரி. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

சுரங்கம் தொடங்கியது முதல் மூடியது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில், எடுத்த தங்கம் சுமார் 800 டன். ஒரு பவுன் 8 கிராம். அப்படியானால் பத்துக் கோடிப் பவுன். ஆரம்ப காலத்தில் கட்டிகளாக வார்த்துக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மைசூர் அரசுக்கு ராயல்டியாக நூற்றுக்கு ஐந்து.

இதை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். பொன் கட்டி கட்டியாகக் கிடைப்பதில்லை. வெண்ணிறப் படிகக்கல்லின் நரம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலந்திருக்கும். துளையிட்டு, வெடி வைத்து, கல்லை மேலே ஏற்றி, இரும்பு உலக்கைகள் வரிசையாக இடிக்கும் ஆலையில் மாவாக்கி, பாதரசத் தகட்டில் ஓடவிட்டுப் பொன்னைப் பிடிப்பார்கள். மிஞ்சியதை 1890களிலிருந்து சயனைடு கரைசலில் ஊறவைத்து மேலும் பிரித்தார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சுமார் மூன்று கிராம்தான் கிடைத்தது. அதாவது ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட பாறை! நம் வீட்டுப் பெண் கழுத்தில் இருக்கும் ஐந்து பவுன் சங்கிலிக்கு ஒரு லாரி நிறையக் கல்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். குளிர்ந்த காற்றை எந்திரம் வைத்து உள்ளே செலுத்தித்தான் மனிதன் நிற்க முடிந்தது. பாறை தாங்கும் பாரம் மிஞ்சினால் தானாகவே வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்ற அந்த ஆபத்துக்குப் பேர்போனது தங்கவயல். வெடிக்காமல் தப்பியவனைத் தூசி பிடித்துக்கொள்ளும். கல்தூசி நெஞ்சில் படிந்து சிலிகோசிஸ் என்ற மூச்சு நோயாகும். அது மெதுவாகக் கொல்லும்.

வசூலுக்குப் போகும் நாட்களில் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளி, சாம்பியன் பக்கத்து லைனில் குடியிருந்தவர். எனக்குத் தந்தை வயது. ஜைனர் என்று யாரோ சொல்லக் கேட்டு, முதலில் என்னை "சேட்டு" என்றுதான் கூப்பிட்டார். அந்த ஊரில் அடகுக்கடைக்காரர்கள் பலர் மார்வாரிகள். அவர் மேல் தப்பில்லை. "பெரியவரே, நான் ஆரணிப் பக்கத்து நைனார். தமிழ்தான் எங்க வீட்டுப் பேச்சு" என்றேன். சிரித்துவிட்டார். "அப்படீன்னா நம்ம ஊர்க்காரு" என்றார்.

"உள்ளே தங்கத்தைப் பார்த்திருப்பீங்களே, எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"எங்கங்க நைனாரே! முப்பது வருசம் எறங்கினேன். பாத்ததெல்லாம் கல்லுதான். தங்கத்த நான் பாத்தது எம் பொண்ணு காதுல. அதுவும் பாதி நாள் அடகுக்கடையில கெடக்கும்."

அவர் கசப்பாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பத்துக் கோடிப் பவுனுக்கும் அந்தக் குன்றிமணித் தோட்டுக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

காவிரியிலிருந்து வந்த மின்சாரம்

இயந்திரங்களை ஓட்ட நிலக்கரியும் விறகும் கட்டுப்படியாகவில்லை. அப்போது மைசூர்த் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயர். அவர் காலத்தில் வகுத்த திட்டப்படி காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் எழுந்தது. 1902 ஜூன் 30 அன்று அங்கிருந்து 92 மைல் தூரம் கம்பி வழியாக மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளில் இதுவும் ஒன்று. சேஷாத்ரி ஐயர் 1901இலேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905இல். ராஜதானிப் பெருநகரத்துக்கு முன்பே மாரிகுப்பத்துப் பாறைக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது.

இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான், 1965இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல்.

கைரேகையும் கையெழுத்தும்

மேலே சொன்னவை எல்லாம் பொதுவாகத் தெரிந்தவை. தெரியாமல் போனது இந்த மக்களின் எழுத்து.

தட்டி வீட்டில், ஒரே அறையில், மூங்கில் பாய்த் தடுப்புக்குள் குடியிருந்தவர்கள் படிப்பகமும் அச்சகமும் கண்டார்கள் என்றால் நம்புவீர்களா? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பிறகு அது 'தமிழன்' என்று வழங்கியது. அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு வலுவான கிளை மாரிகுப்பத்தில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் சந்தா கட்டி அந்த இதழைத் தாங்கினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தபின் இதழ் தொடர்ந்து வர இயலாமல் போயிற்று. மறுபடியும் அதற்கு உயிர் கொடுத்தது சென்னை அல்ல. 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, தங்கவயலிலிருந்து 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் இவ்வூரே. இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரை ஆராய்கிறார்கள். அவர் எழுத்து நம் கைக்கு வந்து சேர்ந்ததில் சுரங்கக் கூலியின் காலணாவுக்கும் பங்குண்டு.

இந்தப் பின்னணியில் 1930ஐப் பாருங்கள். தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட்டது. 'நாங்கள் என்ன கேடிகளா?' என்று மக்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். கம்பெனி அத்திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. கூலி உயர்வுக்கு அல்ல, மானத்துக்கு நடந்த வேலைநிறுத்தம் அது. பிறகு கூலிக்காகவும் சங்க உரிமைக்காகவும் நடந்த போராட்டங்களில் இரத்தமும் சிந்தியது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சங்கு ஓய்ந்தபின்

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாயிற்று. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது, கல்லில் பொன் குறைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு வேலை நின்றது. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சங்கு ஓய்ந்தது. என் கடைக்காரர்களின் பேரேட்டில் அந்த வருடம் வரவேண்டிய பாக்கி நீளமாக இருந்தது. எழுதிவைத்தார்கள், கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன செய்வது?

உச்ச காலத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலை செய்த இடம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியுமுன் எழுந்து மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வருகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, கடை உத்தியோகம், கம்ப்யூட்டர் கம்பெனி என்று எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். இரவு எட்டு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறார்கள். காற்றுக் காலத்தில் சயனைடு மலையின் தூசி வீட்டுக்குள் வந்து படிகிறது. அந்த மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கும் மேல் கல்மாவு இருக்கிறதாம். அதில் மிச்சமிருக்கும் பொன்னை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்' படங்களால் ஊர்ப்பெயர் உலகமெல்லாம் பரவியது. 2024இல் வந்த 'தங்கலான்' தொழிலாளர்களின் முன்னோரைத் திரைக்குக் கொண்டுவந்தது. பெயர் பரவினால் போதுமா?

முன்னே வாரனைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன். மண்ணைக் கழுவியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, எழுதியவரின் பெயர் தெரிகிறது. அதே கதை மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறது. கம்பெனியின் கணக்கும் வரைபடமும் அரசாங்க ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். தொழிலாளியின் சம்பளச் சீட்டு, டோக்கன் வில்லை, சங்கத்து நோட்டீஸ், 'தமிழன்' இதழின் பழைய பிரதி, திருமணப் பத்திரிகை, சுரங்கத்தில் இறந்த தாத்தாவின் படம், இவை எல்லாம் லைன் வீடுகளின் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போகின்றன. பொன் வைக்கிற இடத்தில் பூவாவது வைப்பார்கள். இங்கே அந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சாமல் போய்விடும்.

சோழர் கல்வெட்டைப் படியெடுத்து அச்சிட நமக்கு ஆள் கிடைத்தார்கள், பணம் கிடைத்தது. சங்கத்து அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த ஆண்டு கல்வெட்டுச் சுற்றுலா போகும்போது கோலாரம்மாவைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கவயலுக்கும் வாருங்கள். இரண்டு இளைஞர்கள், ஒரு நல்ல கேமரா, ஒரு ஒலிப்பதிவுக் கருவி போதும். வீடு வீடாகக் கேட்டுப் படமெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிரதிக்கு நம் நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கினால் ஆயிற்று. கீழே இறங்கி வேலை பார்த்தவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச ஆசை இருக்கிறது. நமக்குக் கேட்க நேரம் இருக்க வேண்டும். அலமாரிக்கும் முதல் பயணச் செலவுக்கும் என் பங்கை நான் தந்துவிடுகிறேன்.